மழையில் தோட்டத்துச் சாலையில் சின்னக் காடி ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பட்டணத்திலிருந்து நான் வேலை செய்யும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு 14 கிலோமீட்டர். ஒன்பது கிலோமீட்டர் தார், மீதி ஐந்தும் செம்பனைக்குள் போகும் செம்மண். முதலில் கஞ்சில், இப்போது மைவி என்று சின்னக் காடியில் (காரில்) இந்தப் பாதையில் 18 வருடமாக ஓட்டுகிறேன். மாற்றலாகி வரும் இளம் ஆசிரியர்களில் ஒருவராவது ஒவ்வொரு வருடமும் முதல் மழையிலேயே காடியைச் சாலையோரக் கானில் (வடிகாலில்) இறக்கிவிடுகிறார். என்ன நடந்தது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்டீரிங்கைத் திருப்பினேன் டீச்சர், காடி திரும்பவே இல்லை."

கஞ்சில், ஆக்ஸியா, மைவி, சாகா எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் காடிகள். இன்ஜினும் கியர் பெட்டியும் முன்னால் இருப்பதால் எடையில் பத்தில் ஆறு பங்கு முன் டயர்கள் மேல்தான். காடியை இழுப்பதும் அவைதான், திருப்புவதும் அவைதான், பிரேக் போட்டால் பெரும் பாரத்தைத் தாங்குவதும் அவைதான். காய்ந்த சாலையில் மூன்றையும் ஒன்றாகச் செய்துவிடும். ஈரத்தில் முடியாது. முன் டயருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி இதிலிருந்து வருபவை.

1. முதலில் டயர்

வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். சட்டப்படி அதுவே கடைசி எல்லை. மழைக்கு அது போதாது. தண்ணீரை வாரி வெளியே தள்ள ஆழம் வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே நான் மாற்றிவிடுவேன்.

அடுத்து வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்று நின்று ரப்பர் கெட்டியாகிவிடும். பள்ளம் நன்றாகவே இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. ஓட்டம் குறைந்த காடியில் இந்தத் தவறு அதிகம். அப்பாவின் பழைய காடியை வாங்கி வருபவர்கள் டயர் "புதுசு மாதிரி இருக்கு" என்று நம்பிவிடுகிறார்கள்.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. எண்ணெய் நிலையக் காற்று இயந்திரம் கேபிஏ (கிலோபாஸ்கல்) கணக்கில் காட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். சேற்றுக்கு நல்லது என்று காற்றைக் குறைத்துவிட்டுத் தார் சாலையில் ஓடாதீர்கள். காரணம் ஆறாவது படியில் வருகிறது.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது? நான் முதன்முதலில் போன டயர் கடையில், "முன்சக்கரம் இழுக்கிற காடி, அதனால் புதுசு முன்னால்" என்று சொல்லிப் போட்டுவிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் டயர் வழுக்கினால் காடி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் காடி சுழலும். பழகாதவர் அதைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். தேய்ந்த இரண்டை முன்னால் போட்டு, அவையும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மாற்றுங்கள்.

2. கண்ணாடி, வைப்பர், விளக்கு

நம் வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. கோடு கோடாக விட்டால் மாற்றிவிடுங்கள். வைப்பர் புதிதாக இருந்தும் கண்ணாடி மங்கினால் அது லோரிப் புகையின் எண்ணெய்ப் படலம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

மழையில் கண்ணாடி மூடிக்கொண்டால் பலர் பதறிப்போய் எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறார்கள். ஆவி எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால் ஏர்கோனைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி நெம்பைத் தள்ளி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிப்பக்கம் என்றால் ஏர்கோன் கண்ணாடியைக் குளிராக்கிவிட்டது என்று பொருள். காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும். நம் ஊர்ச் சின்னக் காடிகள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது என்பதால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

மழை என்றால் பெரிய விளக்கைப் போடுங்கள். முன்னால் தானாக எரியும் பகல் விளக்கை நம்பாதீர்கள்; பல காடிகளில் அப்போது பின் விளக்கு எரியாது, பின்னால் வரும் லோரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நான்கு சிக்னலையும் மின்னவிட்டு ஓட்டுவதும் தவறு. அது எரியும்போது நீங்கள் இடது, வலது காட்டினாலும் யாருக்கும் தெரியாது. எங்காவது நிறுத்திய பிறகு போடுங்கள்.

3. காலணியைத் துடையுங்கள்

சின்ன விஷயம்தான். செருப்பின் அடியில் செம்மண் சேறு இருந்தால் பிரேக் மிதியிலிருந்து கால் நழுவும். கதவோரம் ஒரு பழைய துணி வைத்துக்கொண்டு, ஏறும்போதே அடிப்பாகத்தைத் துடைத்துவிடுங்கள்.

4. எப்போது கிளம்புவது

நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை வலுக்கும். பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல். புறப்பாட நடவடிக்கை முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாம் கிளம்பும் நேரமும் அதுதான்.

மழை பிடித்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தார் சாலை மிக வழுக்கும். பல நாள் தூசியும் சிந்திய எண்ணெயும் டயர்த் துகளும் தண்ணீரோடு கலந்து மேலே பசைபோல் நிற்கும். பிறகு நல்ல மழை அடித்துக் கழுவிவிடும். அதனால் மழை பிடிப்பதற்கு முன் போய்விடலாம் என்று வேகமாகக் கிளம்புவதைவிட, ஆசிரியர் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது மேல்.

செம்மண்ணில் கணக்கு நேர்மாறு. மழை பெய்யப் பெய்ய அது மோசமாகும். தோட்டத்துக்குள் நல்ல மழை அடித்துவிட்டதா என்று பண்ணைக் காவலரையோ கடைக்காரரையோ போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

5. தார் சாலையில்: பிரேக், திருப்பம், எண்ணெய்

வரிசை இதுதான்: நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடியுங்கள், பிரேக்கை விட்டுவிட்டுத் திருப்புங்கள், ஸ்டீரிங் நேராகத் தொடங்கிய பிறகு எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) மெல்ல மிதியுங்கள். வளைவுக்குள் போனபின் பிரேக் போட்டால் முன் டயருக்கு இரண்டு வேலை. அப்போதுதான் "திருப்பினேன், திரும்பவில்லை" என்ற கதை நடக்கிறது.

வளைவுக்குள் வேகம் கூடுதல் என்று தோன்றி எண்ணெய் மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பது இன்னொரு தவறு. எடை முன்னால் சாயும், பின்பக்கம் இலேசாகும், பின் டயர் வெளியே ஓடும். காலை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் மெல்ல எடுங்கள்.

இடைவெளி: முன்னால் போகும் காடி ஒரு கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். காய்ந்த சாலையில் இரண்டு வரை வந்தால் போதும், ஈரத்தில் நான்கு வர வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறீர்கள். நான்கு விநாடி என்றால் ஏறக்குறைய 90 மீட்டர். அவ்வளவு இடம் விட்டால் நடுவில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும். மறுபடியும் பின்வாங்கி எண்ணுங்கள்.

மோட்டார் சைக்கிள்காரர்களைக் கவனியுங்கள். சாலையோரக் குட்டையைத் தவிர்க்க அவர்கள் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்குவார்கள். மேம்பாலத்தின் கீழ் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்கள் சாலை ஓரம்வரை நிற்பார்கள். பாலம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

6. காடி தண்ணீர் மேல் மிதந்தால்

ஸ்டீரிங் திடீரென்று கை லேசாகி, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால், டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டது. எந்த வேகத்தில் இது நடக்கும் என்பதற்கு விமான டயர்களை வைத்து நாசா கண்ட ஒரு கணக்கு உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 6.35-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வேகம். 220 கேபிஏ காற்றுக்கு ஏறக்குறைய 94 வரும். காற்று 150-க்கு இறங்கியிருந்தால் 78-தான். காற்றைக் குறைத்து ஓடாதீர்கள் என்று முன்னே சொன்னதன் காரணம் இதுவே. பள்ளம் ஆழமான டயர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், தண்ணீர் தேங்கிய நெடுஞ்சாலையில் நான் 70-ஐத் தாண்டுவதில்லை.

மிதந்துவிட்டால் பிரேக் போடாதீர்கள், ஸ்டீரிங்கைத் திருப்பாதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். டயர் மறுபடி தாரைத் தொடுவது கையில் தெரியும். அந்த நேரத்தில் ஸ்டீரிங் திரும்பியிருந்தால் காடி அந்தப் பக்கமே பாய்ந்துவிடும்.

7. பழலோரி வெளியேறும் சந்திப்பு

தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி பெரிய சாலையில் ஏறும் இடம் ஒவ்வொன்றும் தனி ஆபத்து. சக்கரத்தில் ஒட்டிய செம்மண் ஐம்பது, நூறு மீட்டருக்குத் தார்மேல் படிந்திருக்கும். உதிரிப்பழம் சிந்தி, டயரில் நசுங்கி எண்ணெய் விட்டிருக்கும். தூறல் விழுந்தால் அது சோப்புத் தண்ணீர் போல. ஆலைக்குப் போகும் சந்திப்பில் இன்னும் மோசம். தார் சிவந்து தெரியும் இடத்தில் பிரேக் வேண்டாம்; அதற்கு முன்பே வேகத்தை இறக்கி, நேராக உருண்டு கடந்துவிடுங்கள்.

இரவில் மாடுகளும் உண்டு. மண் ஈரமானதும் தோட்டத்து மாடுகள் தார்மேல் வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு மழையில் இருபது அடிக்குள் வந்தபின்தான் தெரியும்.

8. செம்மண் சாலை

என் அக்கா மகன் ஸ்காட்லாந்தில் வேலை செய்கிறான். அங்கேயும் முன்சக்கரம் இழுக்கும் சின்னக் காடிதான். குளிர்காலத்தில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிபோல் பனிக்கட்டி படியும். அதன்மேல் நிற்க எடுக்கும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்குகூட ஆகலாம் என்று பிரிட்டனின் சாலை விதிநூலே எச்சரிக்கிறது. "சித்தி, நம்ம தோட்டத்து மண்ணுல ஓட்டிப் பழகினதுதான் இங்க உதவுது" என்று முதல் குளிர்காலத்தில் போன் செய்து சொன்னான். அங்கே அவன் செய்வதும் இங்கே நாம் செய்வதும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் முன்கூட்டியே, மெல்ல, ஒவ்வொன்றாக. 7 டிகிரிக்குக் கீழே போனால் அவர்களுக்குத் தனியாகக் குளிர்கால டயர் உண்டு. நமக்குச் சேற்றுக்கென்று அப்படி மாற்றும் வழக்கம் இல்லை, அதனால் கால்தான் எல்லாம்.

தடம் தேர்வது: லோரி போன இரண்டு பள்ளங்களுக்குள் இறங்காதீர்கள். லோரிக்கு வயிறு உயரம். நம் காடிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. நடு மேட்டில் அடிப்பாகம் உட்கார்ந்துவிட்டால் முன் டயர் அந்தரத்தில் சுற்றும். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் வைத்து ஓட்டுங்கள். ஆனால் கானோரம் ஒரு மீட்டர் விடுங்கள், மழையில் அந்த விளிம்பு உடையும். என் கஞ்சில் அப்படித்தான் முதல் வருடத்தில் இறங்கியது. எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட ஒதுங்கினேன். நின்ற இடத்திலேயே மண் சரிந்தது. இப்போது எதிரே பெரிய வண்டி வந்தால் அகலமான இடம் வரை பின்னால் போய் நிற்கிறேன்.

ஏற்றம்: இங்கேதான் முன்சக்கரக் காடி தோற்கும். மேலே ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து, இழுக்கும் டயர் இலேசாகிவிடும். காடியின் பின்பக்கப் பூட்டில் பயிற்சிப் புத்தகப் பெட்டிகள் இருந்தால் இன்னும் மோசம். அவற்றை முன் இருக்கையின் கீழே மாற்றுங்கள். ஏற்றத்தின் அடியில் நின்று, மேலே வேறு வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரே சீரான வேகத்தில் நிற்காமல் ஏறுங்கள். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியர். முதல் கியரில் சக்கரம் எளிதில் சுற்றிவிடும்.

பாதியில் சக்கரம் சுற்றினால் எண்ணெயை விட்டுவிடுங்கள். மேலும் மிதித்தால் டயர் குழி தோண்டும், அவ்வளவுதான். நேராகப் பின்னால் இறங்கி மறுபடி முயலுங்கள். இரண்டு முறை முடியாவிட்டால், இடம் இருக்கும்போது காடியைத் திருப்பி ரிவர்ஸில் ஏறுங்கள். அப்போது இழுக்கும் டயர் கீழ்ப்பக்கம் வரும், எடை அதன்மேல் விழும். புதியவர்கள் இதை நம்பமாட்டார்கள்; ஒருமுறை செய்து பார்த்தபின் மறக்கமாட்டார்கள்.

இறக்கம்: உச்சியிலேயே கியரைக் குறையுங்கள். ஆட்டோ காடியில் இரண்டு அல்லது எஸ் போதும். மிகக் கீழ் கியர் சேற்றில் முன் டயரை அளவுக்கு மீறி இழுத்துப் பிடித்து வழுக்கவிடும். கைப்பிரேக்கைத் தொடாதீர்கள். அது பின் சக்கரங்களைப் பூட்டும், காடி குறுக்கே திரும்பிவிடும்.

சிக்கிக்கொண்டால்: சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். ஸ்டீரிங்கை நேராக்குங்கள். இழுவிசைக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருந்தால் அதை அணையுங்கள். இல்லையென்றால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அது இன்ஜினை அடக்கிவிடும். முன் டயருக்கு எதிரே உள்ள சேற்றைக் கையால் அள்ளுங்கள். பிறகு காலி உரச்சாக்கோ கால்மிதியோ டயருக்கு முன்னால் செருகுங்கள். செம்பனை மட்டையைப் போடுவதாக இருந்தால் ஓலைப் பகுதியை மட்டும் போடுங்கள். அடிமட்டையின் முள் கையையும் டயரையும் பதம் பார்க்கும். மெல்ல முன்னால், மெல்லப் பின்னால் என்று ஆட்டி எடுங்கள். ஆட்டோ காடி முழுதாக நின்ற பிறகே கியரை மாற்ற வேண்டும். தள்ளுபவர்களைச் சக்கரத்துக்கு நேராக நிற்கவிடாதீர்கள், சாக்கும் கல்லும் அந்தப் பக்கம் பறக்கும்.

9. சிறுபாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால்

ஓடும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். முப்பது சென்டிமீட்டர் தண்ணீரே சின்னக் காடியைத் தூக்கிவிடும், அடியில் பாலம் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. திரும்பிப் போய்ப் பள்ளியிலோ லயத்தில் தெரிந்தவர் வீட்டிலோ இருந்துவிடுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் 999.

தேங்கிய தண்ணீர் என்றால் முதலில் இன்னொரு வண்டி போவதைப் பாருங்கள். சக்கரத்தின் பாதிக்குக் கீழே இருந்தால் முதல் கியரில், நடைவேகத்தில், எண்ணெயை விடாமல் ஒரே சீராகப் போங்கள். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே உள்பாகம் வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து ஓர்க்‌ஷாப்பைக் கூப்பிடுங்கள். கடந்து வந்துவிட்டால், பிரேக்கை இலேசாக நான்கைந்து முறை மிதித்துக் காயவிடுங்கள்.

10. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு

விடுமுறையில் எல்லாரும் போகும் பாதை என்பதால் இதையும் சொல்கிறேன். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை முழுக்க வளைவு. ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் கவனம். இரண்டாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடாகாது. கனமழையில் வெட்டிய மலைச்சரிவின் கீழ் நிறுத்தி மழை விடக் காத்திருக்காதீர்கள். சரிவிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் இறங்கினால் அங்கே நிற்காமல் போய்விடுங்கள்.

11. வழுக்கிவிட்டால்

முன்பக்கம் நேராக ஓடினால்: இன்னும் திருப்ப வேண்டும் என்று கை துடிக்கும். அதைச் செய்யாமல் எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திரும்ப நேராக்குங்கள். பிடிமானம் வந்ததும் காடி தானாகத் திரும்பும்.

பின்பக்கம் வெளியே ஓடினால்: பிரேக்கைத் தொடாமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கம் ஸ்டீரிங்கைத் திருப்புங்கள். கானைப் பார்த்தால் கை கானுக்குத்தான் போகும்.

நின்றே ஆக வேண்டும் என்றால்: ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காடியில் முழு பலத்தோடு மிதித்து, விடாமல் பிடியுங்கள். மிதி காலடியில் நடுங்கும், கடகடவென்று சத்தம் வரும். அது வேலை செய்கிறது என்று பொருள், ஆனால் பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய காடியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் விட்டு மறுபடி மிதியுங்கள். மழை நாளில் காலியாக இருக்கும் பள்ளித் திடலோரம் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். புதிய ஆசிரியர்களை நான் முதல் வாரத்திலேயே அங்கே அழைத்துப் போகிறேன்.

12. வீட்டுக்கு வந்ததும்

சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிய செம்மண்ணை அன்றைக்கே குழாய்த் தண்ணீரில் அடித்துவிடுங்கள். காய்ந்து ஒரு பக்கமாகக் கெட்டிப்பட்டால் மறுநாள் 80-இல் ஸ்டீரிங் நடுங்கும், டயர் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவீர்கள். அடிக்கும்போதே நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள். செம்பனை முள் குத்தியிருந்தால் அப்போதுதான் தெரியும்.